தூக்குப்போசியில பிடிச்ச பால்வீதி: 8 அடி டிஷ், 6 புள்ளி, 9 மாசம்

பால்வீதி எவ்ளோ வேகமா சுத்துதுன்னு அளக்கற வேலையில, போன வாரம் ஆறாவது புள்ளியையும் கிராஃப் பேப்பர்ல வெச்சுட்டோம். கோடு கீழ இறங்கல. மாசியில ஆரம்பிச்ச வேலை, ஐப்பசியில முடிஞ்சிருக்கு, நடுவுல எங்கெங்க தப்பு விட்டோம்னு மறக்கறதுக்குள்ள எழுதி வெச்சுடறேன், இதே வேலையை ஆரம்பிக்கறவங்களுக்கு ரெண்டு மாசமாவது மிச்சமாகும்.

நான் உடுமலைப் பக்கம் மோட்டார் காயில் கட்டுற கடை வெச்சிருக்கேன், ஆராய்ச்சியாளன் எல்லாம் கிடையாது. தங்கச்சி மக பிஎஸ்சி இயற்பியல் ரெண்டாவது வருசம். பொங்கலுக்கு சாளைக்கு, அதான் எங்க தோட்டத்து வீட்டுக்கு, வந்திருந்தப்ப கட்டுத்தரை ஓரமா உக்காந்துட்டு கேட்டா, "ஏனுங் மாமா, கேலக்சி வெளி ஓரத்துல இருக்கறதெல்லாம் கணக்குக்கு மீறி வேகமா சுத்துது, அதுக்குக் கண்ணுக்குத் தெரியாத டார்க் மேட்டர்தான் காரணம்னு பாடத்துல போட்டிருக்குதுங், ஏன் நம்ம ஈர்ப்பு விசைக் கணக்கே தப்பா இருக்கக்கூடாது?" எனக்குப் பதில் தெரியல. ஆனா ஓடாத மோட்டார் கடைக்கு வந்தா முதல்ல காயிலைக் குறை சொல்ல மாட்டோம், மீட்டரை வெச்சு அளப்போம். அதைத்தான் சொன்னேன், "மொதல்ல அந்த வேகம் நெசமான்னு நாமளே அளந்து பாத்துரலாம் கண்ணு."

அளக்க முடியும்ங்கறதே எனக்கு அப்புறம்தான் தெரிஞ்சுது. பால்வீதி முழுக்க ஹைட்ரஜன் வாயு பரவிக் கிடக்குது, அது 1420.4058 மெகாஹெர்ட்ஸ்ல, அதாவது 21 சென்டிமீட்டர் அலையில, லேசா ரேடியோ சத்தம் விட்டுட்டே இருக்குது. அந்த வாயு நம்மளை விட்டு விலகிப் போனா அலைவரிசை கொஞ்சம் குறையும், நெருங்கி வந்தா ஏறும். ஒரு நொடிக்கு 1 கிலோமீட்டர் வேகத்துக்கு 4.74 கிலோஹெர்ட்ஸ் நகரும், இந்த ஒரு எண்ணை சுவத்துல சாக்பீஸ்ல எழுதி வெச்சுட்டோம், ஒன்பது மாசமும் அதுதான் துணை. 1951ல ஹார்வர்டுல இவெனும் பர்செல்லும் இந்த சிக்னலை முதல் தடவையா பிடிச்சப்ப கட்டடத்து ஜன்னலுக்கு வெளிய ஒரு பெரிய கொம்பு மாதிரி ஆன்டெனா நீட்டித்தான் பிடிச்சாங்க. அவங்க ரிசீவருக்குப் பட்ட பாட்டை இன்னிக்கு லேப்டாப்ல சொருகற நாலாயிரம் ரூபாய் யுஎஸ்பி ரேடியோ டாங்கிள் செஞ்சுருது.

டிஷ் கிடைச்சது சுலபம். நம்ம ஊர்ப் பக்கம் பழைய கேபிள் ஆபரேட்டருங்க மாடியில எல்லாம் 8 அடி வலை டிஷ் துருப்பிடிச்சுக் கிடக்குது. தெரிஞ்ச அண்ணன் ஒருத்தரு இரும்புக் கடைக்குப் போட இருந்ததை 1,800க்குக் குடுத்தாரு, டெம்போ வாடகை 600. வலைக் கண்ணு 2 சென்டிமீட்டருக்குள்ள இருந்தா 21 சென்டிமீட்டர் அலைக்கு அது தகரம் மாதிரிதான், பயப்பட வேண்டாம். குவியம் எங்கன்னு கண்டுபிடிக்க டிஷ் விளிம்புக்கு விளிம்பு நூல் கட்டி நடுவுல ஆழம் அளந்தோம், 40 சென்டிமீட்டர். விட்டம் 240. விட்டத்தை விட்டத்தால பெருக்கி, ஆழத்தோட 16 மடங்கால வகுத்தா 90 சென்டிமீட்டர், அதுதான் குவியம்.

டிஷ்ஷை எல்லாப் பக்கமும் திருப்பற மாதிரி ஸ்டேண்ட் செய்யலாம்னு முதல்ல பட்டறையில பேசி 14,000 சொன்னாங்க, விட்டுட்டேன். வானம்தான் தானா சுத்துதே, நாம ஏன் திருப்பணும்? வடக்கு தெற்கா மட்டும் சாயற மாதிரி ரெண்டு பேரிங், ஒரு நீளத் திருகு, களத்துமேட்டுல காங்கிரீட் போட்ட 3 இன்ச் ஜிஐ பைப், மொத்தம் 4,200ல முடிஞ்சுது. நம்ம அட்சரேகைக்கு இது ரொம்ப வசதி, நாங்க பாக்க வேண்டிய பால்வீதித் துண்டு உச்சிக்கு 22 டிகிரி தெக்க ஆரம்பிச்சு 22 டிகிரி வடக்க முடியுது, அவ்ளோதான் சாய்வு தேவை. வடக்குத் திசையைத் துருவ நட்சத்திரத்தை வெச்சுப் பிடிச்சோம், அது இங்க தொடுவானத்துக்கு மேல பத்தரை டிகிரிதான், தென்னந்தோப்பு மறைச்சுது, மரத்துக்கு மரம் இடைவெளி தேடி நின்னதுல ஒரு ராத்திரி போச்சு.

அடுத்தது ஃபீட். குவியத்துல வந்து விழற சிக்னலைப் பிடிக்கற டப்பா. உள்விட்டம் 15லிருந்து 16 சென்டிமீட்டருக்குள்ள ஒரு உருளை வேணும். கடைக்குக் கடை டேப்பு எடுத்துட்டுப் போயி அளந்தேன், கடைசியில அம்மா சொசைட்டிக்குப் பால் ஊத்தற 5 லிட்டர் எவர்சில்வர் தூக்குப்போசிதான் அச்சு அசலா 16 இருந்துச்சு, ஆழம் 24. அம்மாவுக்குப் புதுப் போசி வாங்கிக் குடுத்துட்டு இதை எடுத்துட்டேன், 850 ரூபாய். உள்ள நிக்கற ஆன்டெனாக் கம்பிக்குக் கடையில இருந்த 14 கேஜ் தாமிர ஒயரையே எனாமல் சுரண்டி 'N' வகைக் கனெக்டர்ல பத்த வெச்சேன், நீளம் 5.1 சென்டிமீட்டர்.

இங்கதான் முதல் பெரிய தப்பு. அந்தக் கம்பியைப் போசியோட அடியில இருந்து கால் அலை தூரத்துல வெக்கணும்னு படிச்சேன். 21.1ல கால்வாசி 5.3, சரின்னு 5.3ல ஓட்டை போட்டுட்டேன். போசியை வானத்தைப் பாத்து வெச்சு ஒரு அளவு, தரையைப் பாத்து வெச்சு ஒரு அளவு எடுத்தா தரைக்கு நல்லா ஏறணும், ஏன்னா தரை சூடு, வானம் குளிர். எனக்கு ஏறினது அரை டெசிபல். மூணு வாரம் டாங்கிளை, ஒயரை, லேப்டாப்பை எல்லாம் சந்தேகப்பட்டேன். கடைசியில பாப்பாதான் கண்டுபிடிச்சா, "மாமா, குழாய்க்குள்ள போறப்ப அலை நீளமாயிருமுங், வெளிய இருக்கற 21 உள்ள செல்லாதுங்." 16 சென்டிமீட்டர் குழாய்க்குள்ள அது 33 சென்டிமீட்டராயிருது, அப்ப கால்வாசி 8.3. பழைய ஓட்டையைத் தாமிரத் தகடு வெச்சு அடைச்சுட்டு 8.3ல புதுசு போட்டதும் ரெண்டு டெசிபல் வந்துச்சு. போசி 15 சென்டிமீட்டரா இருந்தா இது 9.3 ஆகும், அதனால யாரும் என் எண்ணை அப்படியே எடுக்காதீங்க, உங்க போசி விட்டத்தை உள்பக்கம் அளந்து கணக்குப் போட்டுக்கங்க.

மிச்ச ரெண்டு டெசிபல் எங்க போச்சுன்னா, மழையில நனையக்கூடாதுன்னு ஆம்ப்ளிஃபையரைக் கீழ லேப்டாப் பக்கத்துலயே வெச்சிருந்தேன், நடுவுல 12 மீட்டர் ஒயர். சிக்னல் ஒயர்லயே பாதி செத்துட்டு வருது, செத்ததுக்கு அப்புறம் பெருக்கி என்ன புண்ணியம், அதோட ஒயர் சத்தமும் சேர்ந்து பெருகுது. ஹைட்ரஜன் லைனுக்குன்னே ஃபில்டரோட வர்ற அந்தச் சின்ன ஆம்ப்ளிஃபையர் 5,600 ரூபாய், அதைப் பிளாஸ்டிக் டப்பாவுல போட்டு சிலிக்கான் அடிச்சுப் போசி முதுகுலயே கட்டினேன், கரண்ட் டாங்கிள்ல இருந்து அதே ஒயர்லயே மேல போயிரும், சாஃப்ட்வேர்ல அந்தச் சுவிட்சை ஆன் பண்ணணும், அதையும் முதல் நாள் பண்ணல. பண்ணினதும் தரைக்கும் வானத்துக்கும் நாலு டெசிபல் வித்தியாசம். அன்னிக்குத்தான் இது வேலை செய்யும்னு நம்பிக்கை வந்துச்சு.

குவியம் சரியா இருக்கான்னு பாக்க சூரியனையே வெச்சுக்கலாம். உச்சி நேரத்துல போசியோட நிழல் டிஷ் நடுவுல விழற மாதிரி சாச்சுட்டு, போசியை ஒரு சென்டிமீட்டர் முன்ன பின்ன நகத்தி எங்க சத்தம் அதிகம்னு பாத்தோம். நாங்க கணக்குப் போட்ட 90க்கு 88.5ல நின்னுச்சு.

சித்திரை கடைசியில ஒரு விடியக்காலை, பால்வீதி மையத்துல இருந்து 40 டிகிரி தள்ளி இருக்கற பக்கம் உச்சிக்கு வர்ற நேரம், பத்து நிமிசம் சேத்து சராசரி எடுத்து, வெறும் வானத்துல எடுத்ததைக் கழிச்சோம். திரையில மேடு மாதிரி எந்திரிச்சு நின்னுச்சு. ஒரே மேடு இல்ல, ரெண்டு மூணு முதுகு சேந்த மாதிரி. பாப்பா ஒண்ணும் பேசல, நானும் பேசல. 21,000 ஒளியாண்டுக்கு அப்பால இருந்து கிளம்பின சத்தம், அம்மா பால் ஊத்தின போசிக்குள்ள வந்து விழுந்திருக்கு. அந்த அஞ்சு நிமிசத்துக்காகவே இதைச் செய்யலாம்.

அந்த மேட்டுல வேகத்தை எங்க படிக்கறதுன்னு செக்கை வெச்சு யோசிச்சா புரியும். செக்குமாடு வட்டமா சுத்துது, நீங்க வெளிய ஒரு ஓரமா நின்னு பாக்கறீங்க. மாடு உங்க பார்வைக்கோட்டுலயே நேரா விலகிப் போற ஒரே ஒரு இடத்துலதான் அதோட முழு வேகமும் உங்களுக்குத் தெரியும், மத்த இடத்துல எல்லாம் பக்கவாட்டுல போயிரும். அதே மாதிரி மேட்டோட கடைசி விலகல் ஓரம் எங்க முடியுதோ, அதுதான் அந்தக் கோட்டுல மையத்துக்கு மிக நெருங்கின வாயு. அது மையத்துல இருந்து எவ்ளோ தூரம்னு கோணத்தோட சைன் சொல்லிரும். அந்த விலகலோட நம்ம சூரியனோட பங்கையும் கூட்டினா வாயு சுத்துற வேகம்.

கேக்க சுலபம். ஆனா ஒரே இடத்தை ரெண்டு ராத்திரி அளந்தா 10, 15 கிலோமீட்டர் வித்தியாசம் வந்துச்சு. காரணம் நான் முதல்ல வாங்கின 1,100 ரூபாய் டாங்கிள். அதுக்குள்ள இருக்கற கிரிஸ்டல் பத்து லட்சத்துக்கு 52 பங்கு தப்பு. டிவி பாக்கறதுக்கு அது ஒண்ணுமே இல்ல, நமக்கு அதுவே நொடிக்கு 15.6 கிலோமீட்டர். அதுவும் சூடேற சூடேற நகருது. வெப்பத்துக்கு அசையாத கிரிஸ்டல் உள்ளதை 4,300 குடுத்து வாங்கினதும் அந்தத் தொல்லை போச்சு, இதுல தப்பு 0.3 கிலோமீட்டருக்குள்ள. முதல்லயே இதை வாங்கியிருந்தா 1,100 மிச்சம். சத்தத் தொல்லை இன்னொண்ணு, பக்கத்துத் தறிக்குடோன்ல புதுசா மாட்டின எல்ஈடி டியூப்புங்க. தறி ஓடறப்ப வரி வரியா முள்ளு எந்திரிக்கும். நாலு நாள் அவங்க தறியை நிறுத்தற நேரம் கேட்டு வெச்சு அதுக்கேத்த மாதிரி அளந்தோம், பெரிய மனசு பண்ணி ரெண்டு ராத்திரி லைட்டையும் அணைச்சுக் குடுத்தாங்க. லேப்டாப் சார்ஜரையும் கழட்டிருங்க, அதுவும் கத்தும்.

வைகாசியில ஆறு புள்ளியும் எடுத்து முடிச்சு கிராஃப்ல வெச்சா எல்லாமே குறைச்சலா இருக்குது. 40 டிகிரியில விலகல் 45 கிலோமீட்டர்தான், புத்தகத்துல 80க்கு மேல போட்டிருக்குது. மறுபடியும் அளந்தோம், அதே 45. டாங்கிள் சரி, ஃபீட் சரி, திசை சரி. ஒரு வாரம் தூக்கமில்ல. சரி, ஆடியில மறுபடி பாக்கலாம்னா பாலக்காட்டுக் கணவாய்க் காத்து டிஷ்ஷை ஆட்டி எடுத்துருச்சு, நம்ம குடிமங்கலம் பக்கம் காத்தாடிங்க ஏன் இத்தனை நிக்குதுன்னு அந்த ஒரு மாசத்துல எனக்குப் புரிஞ்சுது, கயிறு கட்டியும் திருகு வளைஞ்சு போச்சு, ஆவணி கடைசி வரைக்கும் தொடவே இல்ல. காத்து நின்னதும் திருகை மாத்திட்டு அதே 40 டிகிரியை ராத்திரி எட்டு மணிக்கு அளந்தா 88.

அதே இடம், அதே போசி, அதே டாங்கிள். மே மாசம் 45, செப்டம்பர்ல 88.

பாப்பா அந்த ரெண்டு எண்ணையும் பாத்துட்டு ரொம்ப நேரம் கம்முனு இருந்தா, அப்புறம் "நாம நகர்றோமுங் மாமா"ன்னா. ஆமா, பூமி நொடிக்கு 30 கிலோமீட்டர்ல சூரியனைச் சுத்துது, மே மாசம் அந்தப் பக்கம் நோக்கிப் போயிட்டு இருக்கோம், செப்டம்பர்ல அதை விட்டு விலகிட்டு இருக்கோம். சூரியனும் சுத்தியிருக்கற விண்மீன்களுக்கு நடுவுல தனியா ஒரு 20 கிலோமீட்டர்ல போகுது. ரெண்டையும் சேத்துக் கணக்குப் போட்டா மே அளவோட 38 கூட்டணும், செப்டம்பர் அளவுல 6 கழிக்கணும். 83, 82. ஒரே எண். நான் பள்ளிக்கூடத்துல பூமி சூரியனைச் சுத்துதுன்னு மனப்பாடம் பண்ணினவன், 44 வயசுல அதை என் களத்துமேட்டுல அளந்து பாத்துட்டேன். எந்தக் கோளாறுன்னு தேடி அலைஞ்சனோ அதுவே கருவி சரியா இருக்குங்கறதுக்கு சாட்சியா வந்து நின்னுச்சு.

திருத்தம் போட்ட பிறகு கிடைச்சது இதுதான். மையத்துல இருந்து 9,500 ஒளியாண்டு தூரத்துல நொடிக்கு 203 கிலோமீட்டர், 13,900ல 216, 17,800ல 223, 21,200ல 226, 24,000ல 224, 26,000ல 221. ஒவ்வொண்ணுலயும் ஏழெட்டு கிலோமீட்டர் கூடக் குறைய இருக்கும், டிஷ்ஷோட பார்வை 6 டிகிரி அகலம், அதுக்குள்ள இருக்கறதெல்லாம் கலந்துதான் வரும். எடை முழுக்க நடுவுல குவிஞ்சிருந்தா, சூரியனைச் சுத்துற கோளுங்க மாதிரி தூரம் போகப் போக வேகம் குறையணும், 203ல ஆரம்பிச்சது 26,000 ஒளியாண்டுல 122க்கு வந்திருக்கணும். வரல.

இதை வெச்சு டார்க் மேட்டரைப் பிடிச்சுட்டோம்னு சொல்ல மாட்டேன், ரெண்டு விசயம் இருக்குது. ஒண்ணு, சூரியனோட வேகம் 220ங்கறது நாங்க அளந்தது இல்ல, வெளிய இருந்து எடுத்துப் போட்டது. கடைசிப் புள்ளியில 221ல 207 அதுல இருந்து வந்ததுதான். அந்த வேகத்தைப் பெரிய ரேடியோ தொலைநோக்கிங்க நடு மையத்துல இருக்கற 'சஜிடேரியஸ் ஏ ஸ்டார்'ங்கற கருந்துளையோட ரேடியோ புள்ளி வருசத்துக்கு எவ்ளோ நகருதுன்னு பாத்துத் தனியா அளந்திருக்காங்க, இப்ப 230 பக்கம்னு சொல்றாங்க, அதைப் போட்டா எங்க கோடு கடைசியில இன்னும் கொஞ்சம் ஏறும், இறங்காது. ரெண்டாவது, எங்க புள்ளியெல்லாம் சூரியனுக்கு உள்பக்கம். விண்மீனுங்க நடுவுல மட்டும் குவிஞ்சு இல்லாம தட்டு முழுக்கப் பரவிக் கிடக்கறதால உள்பக்கத்துல பாதிக்கு மேல அதை வெச்சே விளக்கிரலாம். ஆனாலும் பாப்பா நோட்டு அட்டையில போட்ட கணக்கு: சூரியனுக்கு நாங்க எடுத்துக்கிட்ட 27,700 ஒளியாண்டுல 220ல சுத்தணும்னா உள்ள 9,600 கோடி சூரியனோட எடை இருக்கணும், விண்மீனையும் வாயுவையும் கூட்டினா சுமார் 6,000லிருந்து 7,000 கோடிதான் வருது. மிச்சம் அங்கயே இடிக்குது.

சரி, பாப்பாவோட கேள்விக்கு வருவோம், ஈர்ப்புக் கணக்கே தப்பா? இதுக்கு முன்னாடி ரெண்டு தடவை இப்படி நடந்திருக்குது. யுரேனஸ் கணக்குக்கு மீறி நகர்ந்துச்சு, தெரியாத பொருள் ஒண்ணு இழுக்குதுன்னு லெவெரியேங்கற பிரெஞ்சு வானியலாளர் கணக்குப் போட்டுச் சொன்ன இடத்துல 1846ல நெப்டியூன் இருந்துச்சு. புதன் கோளும் நூத்தாண்டுக்கு 43 விகலை (ஒரு டிகிரியில 3,600ல ஒரு பங்குதான் ஒரு விகலை) தப்பா நகர்ந்துச்சு, அதுக்கும் வல்கன்னு ஒரு கோளு இருக்கும்னு அவரே சொன்னாரு, அது இல்லவே இல்ல, 1915ல ஐன்ஸ்டீன் ஈர்ப்புக் கணக்கையே மாத்தித்தான் அது தீர்ந்துச்சு. ஒரே மனுசன், ஒரே மாதிரி யோசனை, ஒண்ணு பொருள், இன்னொண்ணு விதி. அதனால பாப்பா கேட்டது தப்பான கேள்வியே இல்ல. 1983ல மில்க்ரோம்ங்கற இயற்பியலாளர் இதைத்தான் சொன்னாரு, முடுக்கம், அதாவது நொடிக்கு நொடி வேகம் மாறற அளவு, ரொம்பச் சின்னதாகறப்ப, ஒரு மீட்டர்ல ஆயிரம் கோடியில 1.2 பங்கு அளவுக்கு வந்தா, நியூட்டன் கணக்கு மாறிரும்னு. சூரியன் பால்வீதியைச் சுத்தறப்ப அதோட முடுக்கமே அதே கணக்குல 1.8தான், வாசப்படியிலதான் நிக்கறோம். உள்பக்கம் போனா ரெண்டு கணக்கும் பக்கம் பக்கமா ஒரே மாதிரி வரும். எங்க ஆறு புள்ளியால இது பொருளா விதியான்னு பிரிச்சுச் சொல்ல முடியாது, அதான் உண்மை.

என் மனசு பொருள் பக்கம்தான் சாயுது. தனித்தனி கேலக்சிக்கு மில்க்ரோம் கணக்கு நல்லாவே ஒத்துப் போகுது, ஆனா கேலக்சிக் கூட்டங்களுக்கு வந்தா அதுலயும் எடை பத்தாமப் போகுது, 2006ல, மோதிக்கிட்ட ரெண்டு கேலக்சிக் கூட்டமான புல்லட் கிளஸ்டர்ல வாயு ஒரு பக்கமும் ஈர்ப்பு இன்னொரு பக்கமும் பிரிஞ்சு நிக்கறதை அளந்து காட்டினாங்க. ஆனா அந்தப் பொருளோட துகளைப் பூமிக்கடியில ஏழு டன் திரவ செனான் வெச்சுத் தேடியும் இன்னும் ஒருத்தரும் பிடிக்கல, அதனால பாப்பா என்னோட ஒத்துக்கல, "பிடிக்கற வரைக்கும் நான் ரெண்டு பக்கமும் கதவைத் தெறந்துதான் வெச்சிருப்பேனுங்"ன்னுட்டா. சாப்பாட்டு நேரத்துல எல்லாம் இதே பேச்சுதான் சாளையில.

செலவு எல்லாம் சேத்து, வீணான டாங்கிளும் வளைஞ்ச திருகும் உள்பட, 21,300 ரூபாய். மறுபடி செய்யறதா இருந்தா போசிக்கு ஓட்டை போடறதுக்கு முன்ன அட்டை உருளையில அலுமினியத் தாள் சுத்தி ஒரு மாதிரி செஞ்சு பாத்துருவேன், ஆம்ப்ளிஃபையரை முதல் நாளே மேல கட்டிருவேன், திருகை 16 மில்லிக்குப் பதிலா 25 மில்லி போடுவேன், ஆடி மாசத்துல டிஷ்ஷை உச்சியைப் பாத்து நிமித்திக் கட்டிட்டு வேற வேலையைப் பாப்பேன். முக்கியமா, எந்தத் தேதி எந்த மணிக்கு அளந்தோம்னு ஒவ்வொரு ஃபைல் பேர்லயும் எழுதுவேன். மே மாசத்து ஃபைலுங்கள்ல மூணுக்கு நேரம் இல்லாம அந்தத் திருத்தத்தைப் போடவே முடியல, திரும்ப அளக்க வேண்டியதாப் போச்சு.

இனி வெளிப்பக்கம். 110 டிகிரியில இருந்து 150 வரைக்கும், சூரியனுக்கு அந்தாண்ட இருக்கற வாயு. அங்க செக்குமாட்டு வழி செல்லாது, வாயு எவ்ளோ தூரத்துல இருக்குன்னு தனியாத் தெரியணும், பிறந்து கொஞ்ச காலமே ஆன விண்மீனுங்களோட பட்டியலை வெச்சு ஒப்பிட்டுப் பாக்கலாம்னு பாப்பா ஒரு வழி எழுதி வெச்சிருக்கா. அந்தப் பக்கத்து வானம் வடக்க தாழ்வா போகும், டிஷ் 50 டிகிரி சாயணும், இப்ப இருக்கற பைப் தாங்காது. அடை மழை விட்டதும் பட்டறைக்காரரு வந்து அளவு எடுக்கறேன்னு சொல்லியிருக்காரு.